ரொட்டியில் குத்திவைத்தால் சிலுவை... பிரெஞ்சு மேய்ப்பர்களின் கத்தி ஆசீர்வாதப் பரிசான கதை!

பிறந்தநாளுக்கு யாராவது கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? முதலில் முகம் சுளிப்பார்கள். அடுத்து, "உறவை வெட்டுறதுக்கா இதைக் கொடுத்தாங்க?" என்பார்கள். அரிவாள்மனையைக்கூட கைக்குக் கை கொடுக்காமல், தரையில் வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஊர் நம் ஊர்.

ஆனால், பிரான்ஸின் தெற்குப் பகுதியில் ஒரு மலைநாடு இருக்கிறது. அங்கே அப்பா மகனுக்கும், தாத்தா பேரனுக்கும் மனதாரக் கொடுக்கும் பரிசே ஒரு மடக்குக் கத்திதான். அந்தக் கத்தியின் கைப்பிடியைக் கொஞ்சம் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், சின்னச் சின்ன உலோகப் புள்ளிகள் மின்னும். அவற்றைக் கண்ணால் கோத்துப் பார்த்தால்... சிலுவை!

அந்தப் புள்ளிகளுக்கு 'மேய்ப்பரின் சிலுவை' என்று பெயர். கத்தியின் பெயர், அது பிறந்த ஊரின் பெயரேதான். பிரெஞ்சில் எழுதும்போது அதில் ஒரு 'கு' வரும், உச்சரிக்கும்போது அது காணாமல் போய்விடும். ஊர்க்காரர்கள் சொல்வது, 'லயோல்'.

மணியோசை எட்டாத மலை!

அவெரோன் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிற்றூர் லயோல். மக்கள்தொகை ஆயிரத்துச் சொச்சம்தான். அதையொட்டி விரிந்து கிடப்பது ஒப்ராக் பீடபூமி. மரங்கள் குறைவு. கண்ணுக்கு எட்டியவரை புல்வெளி, கருங்கல், காற்று. குளிர்காலத்தில் பனி மூடிவிடும்.

இங்கே மாடுதான் வாழ்க்கை. வழக்கப்படி மே 25-ம் தேதியையொட்டி மாடுகளை அலங்கரித்து மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் செல்வார்கள். அக்டோபர் 13-ம் தேதி வாக்கில் கீழே இறக்குவார்கள். இடைப்பட்ட மாதங்களில் மேய்ப்பர்களும் பாலாடைக்கட்டி செய்பவர்களும் தங்குவது 'பூரோன்' எனப்படும் கல் குடிசைகளில். விடியற்காலையில் பால் கறப்பது, கறந்த பாலைப் பாலாடைக்கட்டியாக்குவது, மறுபடி மாலையில் கறப்பது என்று நாள் ஓடிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால்? தேவாலயம் பல மைல் தூரத்தில், பள்ளத்தாக்கில் இருக்கும். மாட்டை விட்டுவிட்டுப் பூசைக்குப் போக முடியாது. மணியோசைகூட அங்கே எட்டாது.

அப்போதுதான் மேய்ப்பர் தன் இடுப்புக் கத்தியை எடுத்து விரிப்பாராம். அதை நேராக மண்ணிலோ, சாப்பிட வைத்திருக்கும் ரொட்டியிலோ குத்தி நிறுத்துவாராம். கைப்பிடியில் பதித்த சிலுவை அவரைப் பார்த்தபடி நிற்கும். அதற்கு முன்னால் மண்டியிட்டுச் செபம் செய்துவிட்டு, அதே கத்தியைப் பிடுங்கி ரொட்டியை அறுத்துச் சாப்பிடுவாராம். இந்தப் பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது.

ஏட்டுச் சான்றைவிட வாய்வழிக் கதையாகவே இது வாழ்கிறது. ஆனாலும், இந்தக் கதை ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பிரான்ஸின் கத்தோலிக்கக் கிராமங்களில், புது ரொட்டியை அறுப்பதற்கு முன்பு அதன் அடிப்பக்கத்தில் கத்தி முனையால் ஒரு சிலுவை கீறுவது நெடுநாள் வழக்கம். ரொட்டி, கத்தி, சிலுவை மூன்றும் அந்த மக்களின் சாப்பாட்டு மேஜையில் ஏற்கெனவே ஒன்றாகத்தான் இருந்தன. மலைமேல் போன மேய்ப்பர் அதையே கூட எடுத்துப்போனார், அவ்வளவுதான்.

கருப்பசாமி கோயிலுக்கு அரிவாள் அடித்து நேர்ந்து வைக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு, இரும்பு பக்திப் பொருளாவது ஒன்றும் ஆச்சர்யமாக இருக்காது.

வழி தவறியவர்களுக்கு ஒரு மணி

இந்தப் பீடபூமிக்கும் கிறிஸ்தவத்துக்கும் உள்ள உறவு கத்தியைவிட மிகப் பழையது. பிரான்ஸின் லெ புய் நகரிலிருந்து ஸ்பெயினின் சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்கு, புனித யாகப்பரின் கல்லறை நோக்கி நடந்துசெல்லும் யாத்திரைப் பாதை இந்த ஒப்ராக் வழியாகத்தான் போகிறது. பிரான்ஸில் உள்ள யாத்திரைப் பாதைகளை 1998-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது. இன்றும் முதுகுப்பையோடு ஆயிரக்கணக்கானவர்கள் இங்கே நடக்கிறார்கள்.

இடைக்காலத்தில் இது சுற்றுலா நடை அல்ல, உயிரைப் பணயம் வைத்த பயணம். பனி, மூடுபனி, ஓநாய், வழிப்பறிக் கொள்ளையர்கள் என்று ஒப்ராக்கைக் கடப்பதே பெரும்பாடு. 1120 வாக்கில், பிளாண்டர்ஸ் பகுதிப் பிரபுவான அதலார் என்பவர் யாத்ரிகர்களுக்காக இங்கே ஒரு மடத்தையும் மருத்துவமனையையும் நிறுவினார். மூடுபனி நாள்களில் அங்கே ஒரு மணியை விடாமல் அடிப்பார்கள். 'தொலைந்தவர்களின் மணி' என்று அதற்குப் பெயர். திசை தெரியாமல் தவிப்பவர்கள் அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு வந்து சேரவேண்டும்.

இதனால்தான் இந்த வட்டாரக் கத்திகளில் சிலுவையோடு இன்னொரு சின்னத்தையும் பார்க்கலாம். அது சிப்பி. கொம்போஸ்தெலா யாத்ரிகர்கள் தொப்பியிலும் பையிலும் அணியும் அடையாளம். ஸ்பிரிங்கின் தலைப்பகுதியில் சிப்பியைச் செதுக்கித் தரும்படி கேட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

கால்நடைக்கு ஊசி, ஒயினுக்குத் திருகு

லயோல் கத்தியின் பிறப்பு 1829 என்று சொல்லப்படுகிறது. உருவாக்கியவர் பியர்-ழான் கால்மெல்ஸ் என்ற இளம் கொல்லர். அதற்கு முன்பு இந்தப் பகுதி விவசாயிகளிடம் மடக்க முடியாத, 'கப்புசாது' என்ற சின்னக் கத்தி இருந்தது. பிழைப்புக்காக ஸ்பெயின் பக்கம் போய்வந்த கூலித் தொழிலாளர்கள், 'நவாஹா' என்ற மடக்குக் கத்தியை அங்கே பார்த்தார்கள். இரண்டின் சாயலும் சேர்ந்ததுதான் லயோல் என்பார்கள்.

அதன்பிறகு அந்தக் கத்தியில் சேர்ந்த ஒவ்வோர் உறுப்புக்கும் மக்களின் வாழ்க்கைதான் காரணம். 1840 வாக்கில் ஒரு குத்தூசி சேர்ந்தது. ஈரப்புல்லை அதிகம் மேய்ந்து, வயிறு உப்பி, மூச்சுத்திணறும் மாட்டின் வயிற்றில் குத்திக் காற்றை வெளியேற்றும் அவசரக் கருவி அது. நேரத்துக்கு அந்த ஊசி கையில் இல்லையென்றால் மாடு செத்துவிடும். குடும்பமும் நொடித்துவிடும்.

1880 வாக்கில் தக்கைத் திருகு சேர்ந்தது. அதன் பின்னாலும் ஒரு பிழைப்புக் கதை இருக்கிறது. மலையில் வேலை போதாமல் பாரிஸுக்குக் குடிபெயர்ந்த அவெரோன்காரர்கள் அங்கே கரி விற்றார்கள், காபிக்கடை வைத்தார்கள், ஒயின் ஊற்றிக் கொடுத்தார்கள். பாட்டில் திறக்க அவர்களுக்குத் திருகு தேவைப்பட்டது. ஊரிலிருந்து வந்த கத்தியிலேயே அதுவும் சேர்ந்துகொண்டது.

கத்தியின் முதுகில், ஸ்பிரிங் முடியும் இடத்தில் ஒரு தேனீ உட்கார்ந்திருக்கும். நெப்போலியன் இந்த ஊர் வீரர்களுக்குக் கொடுத்த சின்னம் அது என்றொரு கதையைக் கடைகளில் சொல்வார்கள். ஆனால், தேனீ வடிவம் கத்தியில் பரவியதே 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதற்குள் நெப்போலியன் இறந்து 80 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஸ்பிரிங்கின் அந்தத் தலைப்பகுதியைக் கத்தித் தொழிலாளர்கள் தங்கள் பாஷையில் 'ஈ' என்றே சொல்வார்கள் என்பதுதான் விஷயம்.

ஒரே கை... ஒரே கத்தி!

பட்டறையில் கையால் செய்யப்படும் லயோல் கத்தி நூற்றுக்கும் மேற்பட்ட வேலைகளைக் கடந்துதான் முழுமையாகிறது. நல்ல பட்டறைகளில், பாகங்களைப் பொருத்தத் தொடங்குவதிலிருந்து கடைசி பாலிஷ் வரை ஒரே கைவினைஞரே பார்த்துக்கொள்வார்.

முதலில் பிளேடு. துருப்பிடிக்காத எஃகு என்றால், சுமார் 1,050 டிகிரி செல்சியஸ் வரை பழுக்கக் காய்ச்சி, சட்டென்று குளிரவைப்பார்கள். அப்போது எஃகு கண்ணாடிபோல் கடினமாகும், கீழே விழுந்தால் உடையும் அளவுக்கு. அதனால் மறுபடியும் மிதமான சூட்டில் வைத்துப் பதப்படுத்துவார்கள். கடினமும் வேண்டும், வளைந்து கொடுக்கும் குணமும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவதுதான் பதம்.

அடுத்து ஸ்பிரிங். கத்தியை விரித்தால் 'டக்' என்று நிற்கவைப்பதும், மடித்தால் உள்ளே இழுத்துப் பிடிப்பதும் அதுதான். அதன் முதுகில் அரத்தால் ராவிக் கோலம்போல் வேலைப்பாடு செய்வார்கள். அச்சு கிடையாது, கண்ணும் கையும்தான். ஒரே பட்டறையில் இரண்டு பேர் செய்தாலும் வேலைப்பாடு வேறு வேறாக இருக்கும். பழகியவர்கள் அதைப் பார்த்தே யார் கை என்று சொல்லிவிடுவார்கள்.

பிறகு கைப்பிடி. மாட்டுக்கொம்பின் நுனி, எலும்பு, வால்நட், ஆலிவ், ஜூனிபர் என்று பல வகை. கொம்பு என்றால் நுனிப்பகுதிதான் மதிப்பு, அது உள்ளே குழாயாக இல்லாமல் கெட்டியாக இருக்கும். உள்ளே இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் வைத்து, அவற்றின்மேல் கைப்பிடித் துண்டுகளை ஆணியடித்து இறுக்குவார்கள்.

இப்போதுதான் சிலுவையின் முறை. கைப்பிடியின் ஒரு பக்கத்தில் புள்ளிகளைக் குறித்து, மெல்லிய துரப்பணத்தால் துளையிடுவார்கள். ஒவ்வொரு துளையிலும் குட்டி எஃகு ஆணியோ பித்தளை ஆணியோ இறங்கும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை அரத்தால் ராவி, கைப்பிடியோடு சமமாக்கி, பாலிஷ் போடுவார்கள். விரலால் தடவினால் ஆணி இருப்பதே தெரியக்கூடாது. கண்ணால் பார்த்தால் சிலுவை தெரிய வேண்டும்.

கேட்பதற்குச் சுலபம். ஆனால், ஒரு துளை இம்மி விலகினாலும் சிலுவை கோணிவிடும். கோணல் சிலுவையை எந்தப் பாலிஷாலும் மறைக்க முடியாது. அதுவரை பார்த்துப் பார்த்துத் தேய்த்த கைப்பிடித் துண்டையே மாற்றவேண்டியதுதான்.

பெயரைத் தொலைத்த ஊர்

இவ்வளவு பெருமை இருந்தும், இந்த ஊர் தன் கத்தியை ஒருமுறை ஏறக்குறைய முழுதாக இழந்தது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையே, லயோலில் பட்டறைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. உற்பத்தி, அங்கிருந்து வடக்கே இருக்கும் தியேர் நகருக்குப் போனது.

தியேரையும் குறைசொல்ல முடியாது. பல நூற்றாண்டுகளாகக் கத்தியையே நம்பி வாழும் ஊர் அது. துரோல் ஆற்றின் நீரோட்டத்தில் சுற்றும் சாணைக்கற்களுக்கு மேலே, பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு நாள் முழுக்கச் சாணை பிடித்தவர்கள் அந்த ஊர்த் தொழிலாளர்கள். ஆற்றங்கரைக் குளிர் தாங்காமல், தங்கள் நாய்களைக் கால்கள்மேல் படுக்கவைத்துச் சூடேற்றிக்கொள்வார்கள். அந்தப் பழைய படங்களைப் பார்த்தவர்கள் எந்தக் கத்தியையும் அலட்சியமாகக் கையில் எடுக்க மாட்டார்கள்.

1980-களில்தான் லயோல் மக்கள் விழித்துக்கொண்டார்கள். ஊரிலேயே மறுபடி கத்தி செய்ய வேண்டும் என்று புதிய தொழிற்கூடம் தொடங்கினார்கள். 1987-ல் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் பிலிப் ஸ்டார்க் அதன் கட்டடத்தை வடிவமைத்தார். கூரையைக் கிழித்துக்கொண்டு வானத்தை நோக்கி நிற்கும் 18 மீட்டர் உயரக் கத்தி அலகு, இன்றும் அந்த ஊரின் அடையாளம்.

அடுத்த அடி 1993-ல் விழுந்தது. ஊருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தொழிலதிபர் 'லயோல்' என்ற பெயரைப் பல வகைப் பொருள்களுக்கு வணிக முத்திரையாகப் பதிவுசெய்துகொண்டார். வெளிநாட்டில் செய்த மலிவுப் பொருள்கள் அந்தப் பெயரோடு விற்பனைக்கு வந்தன. ஊர் வழக்குத் தொடுத்தது. 2012-ல் பாரிஸ் நீதிமன்றம் ஊருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், எங்கள் பெயரே எங்களுடையது இல்லையென்றால் இந்தப் பலகை எதற்கு என்று, ஊர் எல்லையில் இருந்த பெயர்ப்பலகையையே மக்கள் கழற்றினார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2019-ல், பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வழங்கி, அந்த முத்திரைகளில் பெரும்பாலானவற்றை ரத்துசெய்தது.

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் ஏன் கொண்டாடினோம் என்பது இந்தக் கதையைக் கேட்டால் இன்னும் நன்றாகப் புரியும். ஒரு ஊரின் பெயர் என்பது அங்கே உழைத்த கைகளின் பெயர்.

பரிசாகத் தர நினைக்கிறீர்களா?

உறுதிபூசுதல், திருமணம், குருப்பட்டம், பணி ஓய்வு என்று எந்தத் தருணமாக இருந்தாலும், சிலுவை பதித்த கைவினைக் கத்தியைப் பரிசாகத் தர விரும்புபவர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. 'லயோல்' என்று பொறித்திருந்தால் மட்டும் போதாது. அது ஒரு நிறுவனத்தின் பெயர் அல்ல, ஒரு வகைக் கத்தியின் பெயர். யார் செய்தது, எந்த ஊரில் செய்தது என்ற விவரம் வேண்டும். செய்தவரின் முத்திரை பிளேடில் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. விலை மிகக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு கைவினைஞர் முழுதாக உட்கார்ந்து செய்யும் கத்தி, பொதுவாக 100 யூரோவுக்குக் குறைந்து கிடைக்காது.

3. கத்தி முனை கீழே இருக்கும்படி நிறுத்திப் பாருங்கள். அப்போது சிலுவை தலைகீழாக இல்லாமல் நேராகத் தெரிய வேண்டும். மேய்ப்பர் செபித்த நிலை அதுதானே!

4. கைப்பிடி எதில் என்பதும் அர்த்தம் சொல்லும். ஆலிவ் மரம் பைபிள் நிலத்தை நினைவூட்டும். மாட்டுக்கொம்பு மேய்ப்பரின் வாழ்க்கையைச் சொல்லும். சிலர் தங்கள் தோட்டத்தில் விழுந்த மரத்தின் துண்டையே பட்டறைக்குக் கொடுத்துக் கைப்பிடி செய்யச் சொல்கிறார்கள். பிளேடில் பெயரோ தேதியோ பொறித்துத் தருவதும் உண்டு.

5. லயோலிலும் தியேரிலும் சில பட்டறைகளில், கைவினைஞர் பக்கத்தில் இருந்து வழிகாட்ட, வாடிக்கையாளரே கத்தியைப் பொருத்தி முடிக்கலாம். மகளுக்கோ நண்பருக்கோ கொடுக்கப்போகும் கத்தியின் ஆணியை நாமே தட்டி இறக்குவதைவிடப் பெரிய வாழ்த்து அட்டை எது?

6. மடிக்கும்போது 'பட்' என்று விட்டுவிடாமல், கையால் பிடித்து மெதுவாக மூடவேண்டும். இல்லையென்றால் கூர்முனை ஸ்பிரிங்கில் மோதி மழுங்கும். கொம்புக் கைப்பிடியைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. பாத்திரம் கழுவும் இயந்திரம் கூடவே கூடாது.

7. விமானத்தில் கொண்டுவருவதாக இருந்தால், கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் வைக்கவேண்டும். பிரான்ஸிலேயேகூட, தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தியோடு நடமாடச் சட்டம் அனுமதிப்பதில்லை.

ஒரு காசு கொடுங்கள்!

'கத்தி உறவை வெட்டும்' என்ற பயம் நமக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சுக்காரர்களுக்கும் அதே பயம் உண்டு. ஆனால், அதற்கு ஒரு பரிகாரமும் வைத்திருக்கிறார்கள். கத்தியைப் பரிசாகப் பெறுபவர், கொடுப்பவரின் கையில் ஒரு சில்லறைக் காசை வைத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் அது பரிசு அல்ல, விலைக்கு வாங்கியது என்று கணக்காகிவிடும். நட்பு பிழைத்துக்கொள்ளும். சிலர் கத்திப் பெட்டிக்குள்ளேயே ஒரு காசையும் போட்டுக் கொடுப்பார்கள். 'இதை எடுத்து எனக்கே திருப்பிக் கொடுத்துவிடு' என்று அர்த்தம். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும்கூட இந்தப் பழக்கம் உண்டு.

ஆயுதத்தில் சிலுவை இருக்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். வாள்களைக் கலப்பைக் கொழுக்களாக அடிக்கும் காட்சி பைபிளின் ஏசாயா நூலில் வருகிறது. அதே இரும்பு, அதே நெருப்பு, அதே சுத்தியல். எதற்காக அடிக்கிறோம் என்பதுதான் வித்தியாசம். லயோல் கத்தி போருக்காகப் பிறந்தது அல்ல. ரொட்டி அறுக்க, பாலாடைக்கட்டி வெட்ட, குச்சி சீவ, உப்பிய மாட்டின் உயிரைக் காப்பாற்றப் பிறந்தது.

பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால் அது வெறும் காட்சிப் பொருள். தினமும் எடுத்து ரொட்டி அறுத்தால், பழம் வெட்டி நான்கு பேருக்குப் பங்கிட்டால், கொம்புக் கைப்பிடி உள்ளங்கைக்குப் பழகிப் பளபளப்பாகும். ஆணிச் சிலுவையும் தேயத் தேய இன்னும் மினுங்கும். அப்படிப் பல வருடம் புழங்கிய கத்தியைத்தான் லயோல் தாத்தாக்கள் பேரன் கையில் வைக்கிறார்கள். பேரன் மறக்காமல் ஒரு காசு எடுத்துக் கொடுக்கிறான்!